ஏரிக்கரைப் படமும் நியாயமான உபயோகமும்

திண்டிவனத்து ஏரிக்கரையில் இப்போது கருங்கல் படித்துறை இருக்கிறது. இரும்பு பெஞ்சுகள் பதினாறு இருக்கின்றன. ஆபீசர்கள் சாயங்காலம் மனைவிமாரோடு உலாவுவதற்குச் செம்மண் பாதை இருக்கிறது. இரண்டு பேர் உட்காரக்கூடிய, மூன்றாவது ஆள் ஏறினால் கவிழக்கூடிய படகு ஒன்றும் இருக்கிறது. இவ்வளவும் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கென்றே ஒரு சபை இருக்கிறது. அந்தச் சபையின் பெருமையைத்தான் சொல்லப்போகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சபையின் பெயர் ஏரிக்கரைப் பூர்வ சரித்திரப் படப் பரிபாலன சபை. பெயர் நீளமாகிவிட்டதால் முன்சுவரில் 'பரிபாலன' வரைக்கும் எழுதி, 'சபை' என்பதைப் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தார்கள். தலைவர் ராவ் சாகிப் விருத்தாசலம், மல்லாட்டைக் கடலை எண்ணெய் மில் முதலாளி. காரியதரிசி சீனுவாசன், ரிடையரான ஹெட் கிளார்க். பேனாவைத் துடைக்க ஒரு துணி வைத்திருந்தார். அந்தத் துணியில் கை துடைக்கக்கூடாது என்று ஒரு சீட்டும் ஒட்டி வைத்திருந்தார்.

இத்தனை பெரிய சபை பரிபாலித்த சொத்து ஒரே ஒரு படம். 1930ஆம் வருஷம் தை மாதம் விழுப்புரத்து ஸ்டூடியோக்காரர் அப்துல் கரீம் பெரிய கண்ணாடித் தகட்டில் எடுத்தது. ஏரி, புளியமரம், கரை நெடுக இருபத்துமூன்று குடிசைகள், ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டு ஜனங்கள். முப்பத்தேழில் கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் குடிசைகளை இடித்தார்கள். இடித்த மறுமாதம் சபையை ஆரம்பித்துக் கண்ணாடித் தகட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். இடிக்கும்போது இருந்த அதே முகங்கள்தான் சபையிலும் இருந்தன.

குடிசை போனவர்களில் ஒருவன் ராயப்பன். ஏரி மதகைத் திறந்து மூடுகிறவன். அவன் மனைவி லூர்துமேரி. இரண்டு வருஷமாக ரயில் பாதை ஓரத்தில் கோணிப்படுதாவுக்குள் குடித்தனம். முப்பத்தொன்பதாம் வருஷக் கோடையில் ஒரு நல்ல செய்தி வந்தது. முப்பத்தொன்றுக்கு முன்பே கரையில் குடியிருந்ததாக ருசுப்படுத்துகிறவர்களுக்கு மயிலம் ரோட்டில் மனை கொடுப்பதற்காக ஒரு ஸ்பெஷல் ஆபீசர் வந்து முகாம் போட்டிருந்தார். வைகாசி முடிவதற்குள் ருசு வரவேண்டும். வராதவர்களுக்கு மனை கிடையாது.

ராயப்பனிடம் என்ன ருசு இருக்கும்? பிறந்தது முதல் அங்கே இருந்தான், அவ்வளவுதான். ஆனால் காப்பிக் கடைச் சுவரில் ராவ் சாகிப் மில்லின் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு குடிசை வாசலில் நிற்கிறாள். கீழே 'எங்கள் எண்ணெய், ஏரிக்கரைக் காலத்துச் சுத்தம்' என்று போட்டிருந்தது. அந்தப் பெண் லூர்துமேரி. அந்தக் குடிசை ராயப்பனுடையது.

காலண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு ராயப்பன் ஆபீசரிடம் ஓடினான். ஆபீசர் சின்ன வயசுக்காரர், வெளியூர். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஏரியே இல்லையேப்பா. எந்த வருஷம்னும் இல்லை. முழுப் படம் சபையில் இருக்காமே, அவங்க அனுமதியோட ஒரு காப்பி கொண்டுவா. உடனே எழுதித் தர்றேன்" என்றார். சாதாரணமான மனிதர் சாதாரணமாகச் சொன்னார். ராயப்பனும் சாதாரணமான காரியம் என்று நம்பிச் சபைக்குப் போனான்.

"படத்தில் இருப்பது உன் பெண்சாதி என்கிறாய். இருக்கட்டும். அதனால் படம் உன்னுடையதாகிவிடுமா?" என்று கேட்டார் சீனுவாசன்.

"எனக்கு வாணாம் சாமி. ஆபீசரண்ட காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"காட்டுவது உபயோகம். நியாயமான உபயோகத்துக்கு மட்டும்தான் சபை அனுமதி தரும்." அவர் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் திறந்தார். "படத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவது நியாயம். பார்த்துப் பெருமூச்சு விடுவது நியாயம். சபைத் தலைவரைப் பாராட்டுவது மிகவும் நியாயம். பார்த்துவிட்டு எதையாவது கேட்பது அநியாயம்."

"காலண்டர்ல போட்டு எண்ணெய் விக்கறாங்களே சாமி?"

"அது பாராட்டு" என்றார் சீனுவாசன்.

ராயப்பனுக்கு விளங்கவில்லை. எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அவனிடம் ஒரு விண்ணப்பப் பாரம் நீட்டப்பட்டது. முதல் நிபந்தனை, படம் எடுத்தவரின் கடிதம். ராயப்பன் அன்றைக்கே விழுப்புரத்துக்கு ரயிலேறினான்.

அப்துல் கரீம் ஸ்டூடியோவில் ஒரு மாப்பிள்ளையைக் கழுத்தை நிமிர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார். சமாசாரத்தைக் கேட்டதும் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார்.

"லூர்துமேரியா? கேப்பைக் கூழு குடுத்துச்சே, அந்தம்மாதானே? நல்லா ஞாபகம் கீது. அன்னிக்கு எல்லாரையும் அவங்கவங்க வாசல்ல நிக்க வெச்சு எடுத்தேன். தகடு என்கிட்ட இருந்தா இப்பவே போட்டுத் தந்துடுவேன் ராயப்பா. சரித்திரம், அது இதுன்னு சொல்லி வாங்கிக்கினு போய்ட்டாங்க. பேஜாரு புடிச்சவங்க." கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டூடியோ முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

இரண்டாவது நிபந்தனை, படத்தில் இருக்கும் சகலரின் சம்மதம். ராயப்பன் இருபத்திரண்டு குடும்பத்தையும் தேடி அலைந்தான். சிலர் ரயில் பாதையோரம், சிலர் திருவக்கரைப் பக்கம் களை பறிக்க, சிலர் செங்கல் சூளையில். எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிவர ஒன்பது நாளாயிற்று. சீனுவாசன் ரேகை ரேகையாக எண்ணிப் பார்த்தார்.

"ஏழாவது வாசலில் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாளே?"

"கோவிந்தம்மா கெழவிங்க. ஊட்டை இடிச்ச ஐப்பசியிலே மழையில நனைஞ்சு ஜொரம் வந்து செத்துப்போச்சு."

"அப்படியானால் சம்மதிக்க இஷ்டமில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?"

"செத்துப்போச்சுங்க சாமி."

"சபைக்கு அது தெரியாது. படத்தில் உயிரோடுதான் இருக்கிறாள்." ஆனாலும் சீனுவாசன் இரக்கமில்லாதவர் அல்ல. கிழவியைக் கமிட்டியின் விசேஷ பரிசீலனைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனார். "புளியமரத்தடியில் எருமை ஒன்று நிற்கிறது. அதன் உடையவர் யார்?"

எருமையை விக்கிரவாண்டிச் சந்தையில் விற்று ஐந்து வருஷமாகிவிட்டது. ராயப்பன் விக்கிரவாண்டிக்கு நடந்து போனான். வாங்கினவன் சிரித்தானே தவிர நல்ல மனசுக்காரன். எருமை சார்பில் கட்டை விரலை உருட்டிக் கொடுத்தான்.

வைகாசி இருபதாம் தேதி கமிட்டி கூடியது. மூன்று மணி நேரம் பேசியபின் தீர்மானம் நிறைவேறியது. ஒரு படத்தில் எட்டில் ஒரு பங்கை மட்டும் மற்றவர் உபயோகிப்பது நியாயம். எந்த எட்டில் ஒரு பங்கு என்பதைச் சபை முடிவு செய்யும். விண்ணப்பதாரரின் ஏழ்மையை உத்தேசித்து, படத்திலேயே மிகவும் சுத்தமான, யாருடைய சம்மதமும் தேவைப்படாத பகுதி அவருக்கு வழங்கப்படுகிறது.

அரக்கு முத்திரை வைத்த உறையை வாங்கிக்கொண்டு ராயப்பன் ஓட்டமாக ஓடினான். ஆபீசர்தான் பிரித்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுப் படம். முழுவதும் ஆகாயம். ஒரு மூலையில் காக்கையோ கொக்கோ ஒன்று பறந்தது.

ஆபீசர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் 'நியாயமான உபயோகத்துக்கு மட்டும்' என்று ரப்பர் ஸ்டாம்பு இருந்தது.

"இதை வெச்சு நான் என்னப்பா எழுதுறது?" என்றார். குரலில் எரிச்சல் இருந்தது. ராயப்பன் மேல் அல்ல. ஆனால் எரிச்சலுக்கு மேலே ஆபீசரும் எதுவும் செய்யவில்லை. ராவ் சாகிப் கலெக்டரோடு டீ குடிக்கிறவர்.

அன்றைக்கு ராயப்பன் சாப்பிடவில்லை. லூர்துமேரி துண்டுப் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பதினஞ்சு நாளா மதகைக்கூடப் பாக்காம நாயா அலைஞ்சே. இன்னா குடுத்தானுங்க? வானத்தைக் குடுத்தானுங்க. அதுகூட நம்ம ஊட்டு மேல இருந்த வானமில்ல, அந்தாண்டப் பக்கத்து வானம்" என்றாள். "நீ போனது போதும்யா. இனிமே நான் பாத்துக்கறேன்."

மறுவாரம் சபை ஒரு கண்காட்சி நடத்தியது. 'ஏரிக்கரை: அன்றும் இன்றும்'. இன்றைக்கு என்ற பக்கத்தில் பெஞ்சும் படித்துறையும். அன்றைக்கு என்ற பக்கத்தில், தகட்டிலிருந்து ஒரு துண்டை மட்டும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, லூர்துமேரியும் அவள் குடிசையும். கீழே '1930இல் ஏரிக்கரை' என்று தங்க எழுத்து. கூட்டம் வருவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிப்பதற்குக் கூலிக்கு ஆள் கேட்டார்கள். லூர்துமேரி போனாள்.

ராவ் சாகிப் பேசினார். நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

"கனவான்களே! இந்தக் குடிசையைப் பாருங்கள். என்ன எளிமை! என்ன அழகு! இதை இடிக்கும்போது நானே நேரில் இருந்தேன். மனசு பதறிவிட்டது. வேலையாட்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, இரண்டு நிமிஷம் ரசித்துவிட்டுத்தான் மேலே இடிக்கச் சொன்னேன். வீடு போனதே என்று சிலர் குறைப்படுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு குடும்பம்தான் வாழ முடியும். படத்தை ஊரே பார்க்கலாம். ஒருவருக்குப் பயன்பட்டதை எல்லோருக்கும் பயன்படும்படி செய்திருக்கிறோம். இதுதான் தர்மம். இந்தப் பெண் யாரோ, பாவம். எங்கே இருக்கிறாளோ! இருந்தால், இன்று தனக்குக் கிடைத்திருக்கும் கௌரவத்தைக் கண்டு பூரித்துப்போவாள்."

கைதட்டல் அடங்குவதற்குள் லூர்துமேரி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்ப் படத்தின் பக்கத்தில் நின்றாள். படத்தில் எப்படி நின்றாளோ அப்படியே நின்றாள்.

ஜனங்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், திரும்பவும் படத்தைப் பார்த்தார்கள். யாரோ, "அட, அதே பொம்பளை!" என்றார்கள். கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது. படித்துறைப் படத்தின் பக்கம் ஆளே இல்லை. ராவ் சாகிப் மாலையோடு தனியாக நின்றார்.

சீனுவாசன் விதிப் புத்தகத்தோடு ஓடிவந்தார். "படத்திலுள்ள உருவம் சபையின் சொத்து! அனுமதியில்லாமல் அதைப் பொது இடத்தில் காட்டுகிறாள்! போலீஸ்!"

"என் மூஞ்சிங்க இது" என்றாள் லூர்துமேரி.

"வீட்டில் வைத்துக்கொள்!"

"ஊட்டைத்தான் இடிச்சுட்டீங்களே."

கான்ஸ்டபிள் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

வழக்கு ஆனரரி மாஜிஸ்டிரேட் பெஞ்சுக்கு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்த மூன்று கனவான்களில் இருவர் சபைக்கு ஆயுள் சந்தா கட்டினவர்கள். சீனுவாசன் சாட்சிக் கூண்டில் ஏறினார். என் வாழ்நாளில் அவ்வளவு உற்சாகமான சாட்சியைப் பார்த்ததில்லை. படத்திலிருக்கிற பெண்ணும் எதிரிக் கூண்டில் நிற்பவளும் ஒருத்தியேதான் என்று சத்தியம் செய்தார். மூக்குத் தழும்பைக் காட்டினார். இடது காதின் அறுந்த துளையைக் காட்டினார். முப்பதாம் வருஷம் தை மாதம் எடுத்தது என்று தேதியையும் சொன்னார்.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள் லூர்துமேரி. பெஞ்சு தலையசைத்தது. "சாமி, படத்துல கீற அந்த ஊடு யாருதுங்க?"

"உன்னுடையதுதான். வாசல் மாடத்தில் உன் மாதா படம் இருக்கிறதே. மறுத்துப் பார், பூதக்கண்ணாடி கொண்டு வந்திருக்கிறேன்!"

"மறுக்கலைங்க. அது எங்க இருந்துச்சு?"

"ஏரிக்கரையில்! மதகிலிருந்து நாற்பது கஜம்! நானே அளந்தேன்!"

"இத்தினியையும் எழுதிக்குங்க சாமி" என்று அவள் பெஞ்சைப் பார்த்துக் கும்பிட்டாள். பெஞ்சு குமாஸ்தா எழுதிக்கொண்டார். பின்வரிசையில் ராவ் சாகிப் இருமினார், திரும்பவும் இருமினார். சீனுவாசனுக்கு இருமல் கேட்கவில்லை. அவர் கதவின் அகலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் காவல். தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு ராயப்பன் ஆபீசரிடம் போனான். ஆபீசர் படித்தார், இன்னொரு முறை படித்தார், நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இதைவிட நல்ல ருசு ஜில்லாவிலேயே கிடையாது என்றார். லூர்துமேரி பெயருக்கு மனை எழுதப்பட்டது.

மறுநாள் காலை சபை வாசலில் இருபத்திரண்டு குடும்பமும் வந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் பொன்னி என்பவள் நின்றாள், லூர்துமேரிக்கு அடுத்த குடிசைக்காரி.

"என்ன வேண்டும்?" என்றார் சீனுவாசன் கதவிடுக்கில்.

"மிச்சப் படத்தையும் மாட்டுங்க சாமி. நாங்களும் பக்கத்துல நிக்கறோம். எங்களையும் புடிச்சுக் குடுங்க. ஜல்தி பண்ணுங்க, வைகாசி முடியப்போவுது."

கான்ஸ்டபிள் வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, தனக்கு வேறு டியூட்டி இருப்பதாகப் போய்விட்டார். சபை கதவைச் சாத்திக்கொண்டது. ஆனால் விஷயம் ஆபீசர் காதுக்குப் போய், திங்கட்கிழமை காலை முழுப் படத்தையும் தன் மேஜையில் சமர்ப்பிக்கும்படி உத்தரவு வந்துவிட்டது. கோர்ட்டில் சாட்சியாகிவிட்ட படம் என்பதால் ஆபீசருக்குத் தைரியம் வந்திருந்தது; கையெழுத்துக்குக் கீழே சர்க்கார் முத்திரையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ராவ் சாகிபும் சீனுவாசனும் இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். சீனுவாசன் கண்ணாடித் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தகட்டில் எல்லாம் தலைகீழ் நிறமாக இருக்கும். வானம் கறுப்பாக, இருண்ட கூரைகள் வெளுப்பாக. கறுப்புக்கு நடுவே வெளுத்துத் தெரிகிற குடிசைகளைக் கறுப்பு மையால் மூடிவிட்டால் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று அவருக்குப் பட்டது. முப்பது வருஷம் ஆபீசில் வேண்டாததைக் கறுப்பு மையால் அடித்தே பழக்கப்பட்டவர். கோர்ட்டில் ஒப்புக்கொண்ட லூர்துமேரி குடிசையை மட்டும் விட்டுவிட்டு, மெல்லிய பிரஷால் இருபத்திரண்டையும் பூசினார். மகா ஒழுங்கான மனுஷர். கூரை முனை, வாசல் நிலை, திண்ணை, சாய்த்து வைத்த ஏணி, வாசலில் நின்ற ஜனங்கள் என்று எதன் விளிம்பையும் தாண்டவில்லை; ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டே பூசினார். கோடு மாறாமல் பூசி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

கடைசி ரயிலில் சீனுவாசனே தகட்டை விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார். அப்துல் கரீம் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்பிடியே போடணுங்களா?" என்றார்.

"இப்படியே. ஒரு புள்ளி மாறக்கூடாது. காலை ரயிலில் நீரே கொண்டுவந்து, வேறு யார் கண்ணிலும் காட்டாமல் ஆபீசர் மேஜையில் வைத்துவிட வேண்டும். உம்மிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை."

"நான் சொல்லவும் இல்லீங்க" என்றார் பாய்.

திங்கட்கிழமை முகாமில் இடமில்லாமல் ஜனங்கள் நின்றார்கள். காவல் முடிந்து வந்த லூர்துமேரியும் ராயப்பனும் பொன்னியோடு முன்னால் நின்றார்கள். ராவ் சாகிபும் சீனுவாசனும் நாற்காலியில். பாய் உறையை மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆபீசர் பிரித்தார்.

ஏரி இருந்தது. புளியமரமும் எருமையும் லூர்துமேரியும் அவள் குடிசையும் இருந்தன. அப்புறம் கரை நெடுக, சாம்பல் நிற மண்ணின் மேல், சுண்ணாம்பு அடித்தாற்போல் பளீரென்று இருபத்திரண்டு வெள்ளை வீடுகள். மை பூசிய இடத்தில் வெளிச்சம் இறங்கவில்லை. வெளிச்சம் படாத காகிதம் வெள்ளையாகவே நின்றுவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் வெள்ளை ஆட்கள்.

"இதெல்லாம் என்ன?" என்றார் ஆபீசர்.

"ஒன்றுமில்லை, சார்" என்றார் சீனுவாசன். முகம் வெளிறிவிட்டது.

"ஒன்றுமில்லாததுக்கு வாசல் இருக்கே. ஏணி சாத்தியிருக்கே."

பொன்னி கும்பலிலிருந்து கையை நீட்டினாள். "ரெண்டாவது எங்களுதுங்க. கூரை ஒரு பக்கம் சரிஞ்சிருக்குது பாருங்க. பக்கத்துல நிக்கறது எம் புள்ளை."

ஒவ்வொருவராக மேஜைக்கு வந்தார்கள். ஒருவரும் தடுமாறவில்லை. ஏழாவது வெள்ளை வாசலில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கூன்கூட அப்படியே விழுந்திருந்தது. அவள் மகன் அதைத் தொட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தான். ஆபீசர் எழுதிக்கொண்டே வந்தார். படம் கெட்டுவிட்டது, செல்லாது என்று ராவ் சாகிப் எழுந்து சொன்னார். "சபை சமர்ப்பித்த படம். செல்லும்" என்றார் ஆபீசர், தலை நிமிராமல்.

லூர்துமேரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சீனுவாசனிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்களை அழிக்கறதுக்கு ஒவ்வொரு ஊட்டையும் ஒவ்வொரு ஓரமா தடவிப் பாத்திருக்கீங்க சாமி. எந்த ஊட்டுக்கு எத்தினி ஆளுன்னு எண்ணிப் பாத்திருக்கீங்க. இடிக்க வந்த அன்னிக்கு இதுல பாதி பாத்திருந்தா, கோவிந்தம்மா கெழவி உள்ள படுத்துக்கினு இருந்தது தெரிஞ்சிருக்கும். அதை மழையில தள்ளியிருக்க மாட்டீங்க."